விளக்கு வைத்த பிறகு வந்த உப்பு

"இண்டைக்கு வேணாம் மல்லி. விளக்கு வெச்சாச்சு."

கடைக்கார அக்கா இதைச் சொன்னபோது அவருடைய விரல்களில் தேங்காயெண்ணெய் மினுங்கியது. உடுத்திருந்த சீத்தைத் துணியின் நுனியில் அதைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால், பிஸ்கட் டின்களுக்கு மேலே, புத்தர் படத்தின் முன் ஒரு சிறிய திரி எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் லொறியின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் உப்பு மூடைகள், அவற்றின் மேல் கருவாட்டுப் பெட்டிகள். முன் ஆசனத்தில் நான். என் மடியில் நடக்கத் தொடங்காத என் மகள் மரியம். அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. சற்றுப் பொறுத்து மறுபடி தொட்டேன்.

இவர் லொறியிலிருந்து இறங்கினார். என் கணவரைத்தான் சொல்கிறேன். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் நான் எழுதும் இந்தத் தொடர் முழுக்க 'இவர்'தான்.

"என்ன குசுமா அக்கா, மழைக்கு முதல் உப்பு வேணும் எண்டு நீங்கதானே சொல்லி அனுப்பின?"

"ஓம், நான்தான். இப்ப விளக்கு வெச்சாச்சே."

குசுமா அக்கா பேசியது சிங்களம். அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்; மல்லி என்றால் தம்பி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன்.

ஊரின் பெயரும் வேண்டாம் என்பது இவருடைய கட்டளை. புத்தளத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம், தென்னந்தோட்டங்கள் முடிந்து வயலும் குளமும் தொடங்கும் இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தவளக்கார வீடு

நான் கலியாணம் முடித்து வந்த புதிதில் வாசலுக்கு மீன் கொண்டுவந்த ஒருவர், "தவளக்கார வீட்டு மருமகளா?" என்று கேட்டார். "இல்லை, நீங்கள் வேறு வீட்டைத் தேடுகிறீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் மீன் இல்லை.

மாமி, அதாவது இவருடைய உம்மா, இதை ஒரு வருடம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். "சரித்திரம் படிச்சுக் குடுக்கிற டீச்சர் எண்டுதான் எடுத்தம். வந்த வீட்டின்ட சரித்திரம் தெரியாம மீனைத் திருப்பி அனுப்பிட்டா."

தவளம் எனக்குத் தெரியாத சொல் அல்ல. தில்லையடியில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பாடப்புத்தகத்தில் அது ஒரு வரியாக இருந்தது. அந்த ஒரு வரிக்கு ஒரு வீடும், அந்த வீட்டில் ஒரு மாமியும் இருக்கக்கூடும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீதிகள் இல்லாத காலத்தில் கரையிலிருந்து உள்நாட்டுக்குப் பொருள் போனது மாட்டின் முதுகில். முதுகின் இரண்டு பக்கமும் தொங்கும்படி பொதி கட்டி, மாடுகளை வரிசையாக ஓட்டிப் போவார்கள். அந்தக் கூட்டம்தான் தவளம். முன்னால் போகும் மாட்டின் கழுத்தில் மணி. களப்பு என்கிற கடலேரியின் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்குப் போகும். அங்கிருந்து பாக்கும் நெல்லும் மிளகும் வரும்.

உள்நாட்டில் எல்லாம் விளையும், உப்பு மட்டும் விளையாது. அதனால் கரையைப் பிடித்து வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் கண்டி அரசனோடு பகைத்தால் முதலில் உப்பைத்தான் மறித்தார்கள். அந்த மறிப்பைத் தாண்டியும் காட்டுப் பாதையில் மாடுகள் போனதாக இவர்களின் குடும்பத்தில் ஒரு பெருமை உண்டு. எவ்வளவு உண்மையோ. மாமி சொல்லும்போது மாடுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் கூடும்.

வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது "இரு சமூகங்களுக்கு இடையிலான நல்லுறவு" என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வேற்றூரில், வேற்றுப் பாஷைக்காரர்களின் நடுவில், பொதிகளை அடுக்கி அவற்றுக்குள்ளே படுத்த மனிதனுக்கு நித்திரை வந்ததா என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

சிரித்துச் சொல்லும் வேண்டாம்

மாடு போய் வண்டி வந்து, வண்டி போய் லொறி வந்தது. யுத்தம் முடிந்த பிறகு பாதைகள் நன்றாகின. இவரும் மதுரங்குளியில் இருந்த இவருடைய கூட்டாளியும் உள்நாட்டுக் கடைகளுக்கு ஒரு சுற்றாகப் போய் உப்பும் கருவாடும் போட்டார்கள்.

பிறகு ஒரு வருடம் காற்று மாறியது. எங்கள் ஆட்களிடம், முஸ்லிம்களிடம், வாங்காதீர்கள் என்ற பேச்சு உள்நாட்டுச் சந்திகளில் அடிபட்டது. கைபேசியில் எரிந்த கடைகளின் படங்கள் வந்தன. எது எந்த ஊர், எது எந்த வருடம் என்று தெரியாது. தெரியாததனால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பால் கொடுக்கும்போதும் பார்த்தேன். பார்ப்பது பாலைப் பாதிக்குமோ என்று அதற்கும் பயந்தேன்.

யாரும் கடைக்காரர்களைப் பற்றிக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். மதுரங்குளிக் கூட்டாளி வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்:

"மச்சான், ஏசினாலாவது விளங்கும். சிரிச்சுக்கொண்டு சொல்றானுகள். ஒருத்தன் போன மாசச் சாமான் கிடக்கு எண்டான். ஒருத்தன் மகன் வீட்டில இல்ல எண்டான். இன்னொருத்தன் கோயிலுக்குப் போகோணும் எண்டு கடையைப் பூட்டினான். நான் அங்கால திரும்பினதும் தொறந்திட்டான்."

அவர் அதோடு உள்நாட்டை விட்டுவிட்டுச் சிலாபத்து மொத்தக் கடைகளுக்கே கருவாடு போடத் தொடங்கினார். இவருக்கு மிஞ்சியது குசுமா அக்காவின் கடை ஒன்றுதான். அந்த வீட்டுக்கு உப்புப் போட்டது இவருடைய வாப்பா, அவருடைய வாப்பா, அதற்கு முன்னால் மாடுகள்.

"அவவும் வேணாம் எண்டா லொறியை வித்திட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போறன்" என்றார் இவர். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் மரியத்தைப் பார்த்தேன். இவள் நடப்பதை இவர் கைபேசியில்தான் பார்ப்பாரா?

அப்போதுதான் மாமி அந்த யோசனையைச் சொன்னார்.

"தனி ஆம்பிளை போனாத்தான் ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கும். பொஞ்சாதியும் குழந்தையும் முன்னால இருந்தா குடும்பம் எண்டு விடுவாங்க. கல்லெடுக்க ஒருத்தனுக்கும் கை வராது."

கல் என்ற சொல் அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாதது. இவர் கோபப்பட்டார். மாமி, "நான் சும்மா சொன்னன்" என்று எழுந்து போனார். ஆனால் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தன்னுடைய பூப்போட்ட சேலை ஒன்றை மினுக்கி மடித்து என் கட்டிலில் வைத்திருந்தார். "கறுப்பு அபாயா வேணாம் புள்ள. இதை உடுத்து முக்காட்டைப் போடு. எங்கட காலத்தில அவ்வளவுதான்."

நான் ஏன் சம்மதித்தேன்? இன்றைக்குக் கேட்டால் மூன்று காரணம் சொல்வேன். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும்.

உம்மா கேட்டது

என் உம்மாவுக்குச் சொல்லாமல் போகத்தான் நினைத்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

யுத்த காலத்தில் ஆயுதக்காரர்கள் முஸ்லிம்களைத் துரத்த, உம்மா மன்னாரிலிருந்து வெளியேறியபோது நான் அவருடைய வயிற்றில். எதையும் கொண்டுபோக விடாததால் ஒரு சேலைக்கு மேல் இன்னொரு சேலையை உடுத்துக்கொண்டு வந்தாராம். வழியில் மயங்கி விழுந்தபோது பசி என்று எல்லாரும் நினைத்தார்களாம். "பசி இல்ல, சேலை" என்பார் உம்மா. அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லமாட்டார். புத்தளத்தில் இத்தனை வருடம் இருந்த பிறகும் எங்களை அகதி வீட்டார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாமி சொன்னதில்லை. சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்ததுண்டு.

"அவங்கட உப்பு மூடைக்கு என்ட பேத்தி காவலா?" என்று உம்மா கேட்டார்.

"அப்படி இல்ல உம்மா. ஒரு பயணம்தானே, போயிட்டு வாறது."

"போயிட்டு வாறது எண்டுதான் நாங்களும் வெளிக்கிட்ட."

பிறகு மரியத்தை வாங்கி, ஓதி, உச்சியில் ஊதினார். எனக்கும் ஊதினார். நான் தலையைக் குனிந்தபோது காதோடு சொன்னார்: "எங்க நிண்டாலும் திரும்பி ஓடுற பாதையைப் பாத்து வெச்சுக்கொள்."

குளக்கட்டு

காலையில் புறப்பட்டோம். உப்பளத்தில் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாகத் தெரிந்தன. களப்புக் காற்று லொறிக்குள் வந்து உதட்டில் உப்புக் கரித்தது. மரியத்துக்குக் காற்றுப் பிடிக்கும். கண்ணை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். நான் கண்ணாடியை ஏற்றினேன். வெக்கையில் அழுதாள். இறக்கினேன்.

"ஒண்டில ஏத்து, இல்லாட்டி இறக்கு" என்றார் இவர்.

மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேராததற்குக் காரணம் நான்.

பாதி வழியில் ஒரு சந்தி. மரத்தடியில் இளைஞர்கள் கூட்டமாக நின்றார்கள். கொடிகள் இருந்தன. ஒலிபெருக்கியில் யாரோ உரத்துப் பேசினார்கள். ஒருவன் குனிந்து எங்கள் லொறிக்குள் பார்த்தான். அது ஒரு விளையாட்டுப் போட்டியாக இருந்திருக்கலாம். அவன் குழந்தையைப் பார்த்திருக்கலாம். இப்போது எழுதும்போது எல்லாமாகவும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்போது என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"திருப்புங்க."

"என்னத்துக்கு?"

"திருப்புங்க எண்டு சொல்றன்."

இவர் திருப்பினார். வயல்களுக்கு ஊடாகவும் ஒரு குளக்கட்டின் மேலாகவும் போகும் பாதையைப் பிடித்தார். மழை தொடங்காவிட்டாலும் பாதை இளகித்தான் இருந்தது. எருமைகள் ஒதுங்கும்வரை நிற்கவேண்டியிருந்தது. மரியத்துக்குப் பால் கொடுக்க நின்றோம். துணி மாற்ற நின்றோம். ஒவ்வொரு முறை நின்றபோதும் மூடைகளிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டி மண்ணில் சிறு சிறு குழிகள் விழுந்தன. தவளம் போன பாதையும் இப்படித்தான் நனைந்திருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே, பிந்திவிட்டது, பிந்திவிட்டது என்ற படபடப்பு வந்து அந்த நினைப்பை விழுங்கிவிட்டது.

கடையின் முன் லொறி நின்றபோது குசுமா அக்கா விளக்கு வைத்து முடித்திருந்தார்.

விளக்குக்காகவா

இவர் என் பக்கக் கதவடிக்கு வந்தார்.

"விளக்கு வெச்சா உப்பு வாசலைத் தாண்டாது எண்டு ஒரு கதை இருக்குத்தான். தவளம் பிந்தி வந்தா மூடையை இறக்காம விடியும் வரை நிப்பாங்களாம். அதுவரைக்கும் அந்த ஊர்தான் காவலாம்."

"உண்மையா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒருநாளும் பொழுதுபட இங்க வந்ததில்லையே."

எங்கள் வீட்டிலும் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாமி அயல்வீட்டுக்கு உப்புக் கொடுக்கமாட்டார். இது மார்க்கத்தில் இல்லையே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "மார்க்கத்தில இல்ல, இந்த வீட்டில இருக்கு" என்றார். ஆகவே குசுமா அக்கா சொன்னது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் மகன் வீட்டில் இல்லை என்பதும், கோயிலுக்குப் போகவேண்டும் என்பதும்கூடப் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. ஒரு நல்ல வழக்கம் ஒரு நல்ல சாட்டாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சிரிப்புத்தான்.

"இப்ப திரும்பினா வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் இவர். "நிண்டா விடிஞ்ச பிறகுதான் தெரியும். நீ சொல்லு. நீ சொல்றதைச் செய்றன்."

திரும்பினால், குளக்கட்டில் இரவில் லொறி ஓடாது, அந்தச் சந்தியை இருட்டில் தாண்டவேண்டும். தாண்டி வீடு சேர்ந்தாலும், நாளைக்கே இவர் லொறியை வாங்க ஆள் தேடுவார். ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே கட்டாருக்குப் போவார். நின்றால், இந்த ஊரில், இந்தக் குழந்தையோடு.

நான் இறங்கினேன். பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்த சிங்களம் என்னிடம் இருந்தது. வானொலிச் செய்தி வாசிப்பவர் பேசுவதுபோல வந்த அந்தச் சிங்களத்தில் குசுமா அக்காவிடம் கேட்டேன்:

"அக்கா, விளக்குக்காகவா வேண்டாம் என்கிறீர்கள்? எங்களுக்காகவா?"

இவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். குசுமா அக்காவின் சிரிப்பு நின்றது. அவர் முதலில் வீதியின் ஒரு பக்கம் பார்த்தார். பிறகு மறுபக்கம் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"விடியட்டும் நங்கி" என்றார். நங்கி என்றால் தங்கை. "பபாவை உள்ளுக்குக் கொண்டு வா. நுளம்பு கடிக்கும்."

"நிப்பம்" என்று இவரிடம் சொன்னேன்.

அந்த இரவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நானும் மரியமும் நெல் மூடைகள் அடுக்கிய அறையில் படுத்தோம். மரியம் தூங்கினாள். இவர் லொறியில் இருந்தார். வெளியே ஆண்கள் பேசும் சத்தம் கேட்டது. அது காவலா விசாரணையா என்று பிடிபடவில்லை. அறைக்குப் பின்கதவு இருந்தது. அது எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

கிணற்றடி வழி

விடிந்ததும் இவரிடம் ஓடினேன்.

"ராவு வந்தது ஆரு?"

"இந்த ஊர் ஆக்கள்தான், ரெண்டு பேர். இருந்தாங்க, வெத்திலை தந்தாங்க, விடியப்புறம் போனாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஒண்டும் கேக்கல்ல. அதுதான் விளங்கல்ல."

குசுமா அக்கா வந்தார். தலைமயிர் ஈரமாக இருந்தது. கடையின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார்.

"எல்லா மூடையும் எனக்குத்தான் மல்லி. கருவாட்டிலும் பாதி." இவருடைய முகம் மலர்வதைப் பார்த்தேன். அதற்குள் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "லொறியைக் கிணத்தடிப் பக்கம் கொண்டு போ. பின்னால இறக்கு."

"சரி அக்கா, சரி" என்று இவர் ஏறி எஞ்சினைப் போட்டார். "ஏறு, பின்னால போவம்."

வாங்குகிறார். அது போதாதா? அது போதும் என்றுதான் இவர் நினைத்தார். நானும் அப்படி நினைக்க முயன்றேன். ஆனால் இந்த முறை பின்பக்கம் என்றால் அடுத்த முறை ஊர் எழும்ப முன்னம் வா என்பார். அதற்கடுத்த முறை, வேறு யாருடைய லொறியிலாவது அனுப்பு என்பார். பிறகு அதுவும் வேண்டாம். அவரும் பாவம். இந்த வீதியில் அவர்தானே இருக்கவேண்டும்?

"நீங்க போங்க. நான் இதில இருக்கிறன்."

"எதில?"

"இந்த வாங்கில."

இவர் லொறியைப் பின்னுக்கு எடுத்தார்.

கடைக்கு முன்னால், பாண் ரொட்டி வாங்க வருகிறவர்கள் உட்காரும் நீள மர வாங்கில் நான் உட்கார்ந்தேன். மாமியின் பூச்சேலை, முக்காடு. மரியத்தை வாங்கைப் பிடித்துக்கொண்டு நிற்க விட்டேன். பிள்ளையை முன்னால் நிறுத்தினார் என்று மாமியைப் பற்றி மனதுக்குள் எவ்வளவு பேசியிருக்கிறேன். இப்போது நிறுத்தியது யார்? தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் எழும்பவில்லை.

முதலில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பென்சில் வாங்க வந்தது. மரியத்தின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது. பிறகு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். என்னிடம் கேட்கவில்லை. கடைக்குள்ளே பார்த்துக் கேட்டார்.

"ஆரிது?"

குசுமா அக்கா பாணைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்தார். நூல் எடுத்துக் கட்டினார். பாணுக்கு யாரும் நூல் கட்டுவதில்லை.

"உப்புக்காரர்" என்றார். "ராவு எங்கட வீட்டில நிண்டவங்க."

அந்த மனிதர் பாணை வாங்கிக் கைபிடியில் மாட்டிக்கொண்டார். திரும்பி, வந்த பக்கமே போனார்.

குசுமா அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். மோட்டார் சைக்கிள் கிளப்பிய புழுதியைப் பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றிக் கேட்கும்படி உரத்துக் கூப்பிட்டார்.

"மல்லி! மிச்ச மூடையை முன்னால கொண்டு வா. பின்னால இடமில்ல."

பின்னால் நிறைய இடம் இருந்தது. நான் படுத்திருந்த அறை அது.

இவர் தோளில் மூடையோடு கடையின் முன்வாசலால் உள்ளே போனார். திரும்பி வந்தார். அடுத்த மூடை. சீமெந்துத் தரையில் உப்புத் தண்ணீர் சொட்டியது. மரியம் குனிந்து அதைத் தொட்டு வாயில் வைத்து முகத்தைச் சுளித்தாள். குசுமா அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். இவரும் சிரித்தார்.

நான் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மூடை உள்ளே போகும்வரை அந்த மோட்டார் சைக்கிள் திரும்பி வரவில்லை.